யுபிஎக்ஸில் புது வசதிகள்: எதைக் கேட்டால் நடக்கும்?

கேட்பவர்: தொகுப்பி
வணக்கம். நிரல் ஃபைல்களைச் சுருக்கும் கருவியான யுபிஎக்ஸின் கிட்ஹப் பக்கத்தில் நான்கு வசதிகள் கேட்டு எழுதப் போகிறேன். இசட்எஸ்டிடி என்ற சுருக்க முறை, சிஎஃப்ஜி (நிரல் தவறான இடத்துக்குத் தாவுவதைத் தடுக்கும் விண்டோஸ் பாதுகாப்பு) போட்டுக் கட்டிய விண்டோஸ் டிஎல்எல்களையும் சுருக்குவது, டிஜிட்டல் கையொப்பம் கெடாமல் சுருக்குவது, ஆன்டிவைரஸ் பிடிக்காதபடி ஃபைலின் உட்பகுதியான செக்‌ஷன் பெயரை மாற்றுவது. உள்விவரம் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

பதில்: பிட்கணக்கன்
இசட்எஸ்டிடி பற்றி மட்டும் சொல்கிறேன். சுருக்குவதில் சிக்கலே இல்லை, விரிப்பதில்தான். சுருக்கிய ஒவ்வொரு ஃபைலோடும், அதை விரிக்கும் சிறு நிரலான ஸ்டப் சேர்ந்தே போகிறது. அது லிப்சி நூலகம், மெமரி ஒதுக்கும் மாலாக் எதையும் நம்பாமல், மெமரியில் எங்கே ஏற்றினாலும் ஓட வேண்டும். இப்போதுள்ள முறைகளில் என்ஆர்வி ஸ்டப் சில நூறு பைட்டில் முடிந்துவிடும். எல்இசட்எம்ஏவுக்குச் சில கேபி. இசட்எஸ்டிடிக்கு ஹஃப்மேன், எஃப்எஸ்இ என்ற குறியீட்டு அட்டவணைகளைக் கட்டவே தனி இடம் வேண்டும், கோடும் பல மடங்கு பெரிது. 60 கேபி எக்ஸியில் மிச்சம் பிடித்ததை ஸ்டப்பே தின்றுவிடும். 20 எம்பி கோ மொழி பைனரி என்றால் கதை வேறு.

இன்னொன்று: அளவில் பெரும்பாலும் எல்இசட்எம்ஏதான் ஜெயிக்கும். இசட்எஸ்டிடியின் பலம் விரியும் வேகம். அதனால் "இன்னும் சிறிதாகும்" என்று எழுதாதீர்கள், "சீக்கிரம் தொடங்கும்" என்று எழுதுங்கள். கோ பைனரியை முதலில் எஸ், டபிள்யூ லிங்கர் கொடிகளோடு (பிழைதிருத்தத் தகவலை நீக்குபவை) கட்டி, பெஸ்ட் ஆப்ஷனில் ஒருமுறை, எல்இசட்எம்ஏவில் ஒருமுறை சுருக்கி, தொடங்கும் நேரத்தை அளந்து இணையுங்கள். பெரிய ஈஎல்எஃப் (லினக்ஸ் நிரல்) ஃபைல்களுக்கு மட்டும் தனி ஆப்ஷனாகக் கேட்டால் பரிசீலிக்க இடம் இருக்கிறது.

பதில்: லோடர்
சிஎஃப்ஜி கடினமான கேட்பு. எந்தெந்த முகவரிக்குத் தாவலாம் என்ற பட்டியலை விண்டோஸ் லோடர் ஸ்டப் ஓடுவதற்கு முன்பே படிக்கிறது. அந்த நேரத்தில் பட்டியல் சுருங்கிக் கிடக்கும். அதனால்தான் யுபிஎக்ஸ் அப்படிப்பட்ட ஃபைலை மறுக்கிறது. ஃபோர்ஸ் ஆப்ஷன் போட்டுத் தள்ளினால் டெஸ்ட் ஆப்ஷன் சரி என்றே சொல்லும். அது சுருக்கிய டேட்டாவைத்தான் சரிபார்க்கிறது, ஓட்டிப் பார்ப்பதில்லை. உங்கள் சொந்த டிஎல்எல் என்றால் சிஎஃப்ஜி இல்லாமல் கட்டுங்கள். விசிரன்டைம்140 போன்ற மைக்ரோசாஃப்ட் டிஎல்எல்களை, பைதான் நிரலைத் தொகுக்கும் பைஇன்ஸ்டாலரின் யுபிஎக்ஸ்-எக்ஸ்க்ளூட் பட்டியலில் போட்டுவிடுங்கள்.

கையொப்பம் கேட்கவே வேண்டாம். கையொப்பத்துக்கான ஹாஷ் (சரிபார்ப்பு எண்) ஃபைலின் பைட்டுகள் மீது போடுவது. பைட் மாறினால் கையொப்பம் செல்லாது. முதலில் சுருக்கு, பிறகு கையொப்பமிடு, வேறு வழியில்லை.

பதில்: மூலநிரல்
செக்‌ஷன் பெயர் கோரிக்கையை எடுத்துவிடுங்கள் நண்பரே. டிஸ்க்கில் பூஜ்ய அளவு, மெமரியில் எழுதவும் ஓட்டவும் அனுமதி: ஆன்டிவைரஸ் பார்ப்பது இப்படிப்பட்ட முதல் செக்‌ஷனையும்தான். பெயரை மாற்றினால் சந்தேகம் கூடுமே தவிரக் குறையாது. மேலும், சுருக்கிய நிரலை எந்த உரிமத்திலும் விநியோகிக்கலாம் என்று யுபிஎக்ஸின் ஜிபிஎல் உரிமத்தில் தரும் விலக்கு, மாற்றாத யுபிஎக்ஸுக்கு மட்டும்தான். யாரும் விரிப்பதற்கான டி ஆப்ஷனால் பழைய ஃபைலைத் திரும்பப் பெறலாம் என்பதே இந்தக் கருவியின் நேர்மை. அதைக் காப்பாற்ற வேண்டும். தவறாகப் பிடித்தால் அந்த ஆன்டிவைரஸ் நிறுவனத்துக்கே ஃபைலை அனுப்புங்கள்.

மிஞ்சுவது இசட்எஸ்டிடி ஒன்றுதான். பழைய கோரிக்கைகளில் தேடிவிட்டு, தனி இஷ்யூவாகப் போடுங்கள். யுபிஎக்ஸ் பதிப்பு, ஓஎஸ், கொடுத்த கட்டளை முழுசாக, சுருக்காத மாதிரி ஃபைல், லிஸ்ட் ஆப்ஷன் காட்டும் வரி. மாதிரி ஃபைல் இல்லாவிட்டால் யாராலும் சோதித்துப் பார்க்க முடியாது.