பல்கலைக்கழகச் சுவரில் ஒளி ஓவியம்: ஊர்மக்கள் வருவார்களா?

கேள்வி:
எங்கள் பல்கலைக்கழகத்தில் வேலை பார்ப்பவர்களைத் தவிர அக்கம்பக்கத்து மக்கள் யாரும் கேட்டைத் தாண்டி உள்ளே வருவதில்லை. நூலகத்தின் முகப்பில் இரவு நேரத்தில் புரொஜெக்டர் வைத்து ஒளி ஓவியம் காட்டி எல்லாரையும் அழைக்கலாம் என்று பேச்சு. நிர்வாகம் பல்கலைக்கழக வரலாற்றைப் போடச் சொல்கிறது, எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. வேறு என்ன காட்டலாம்? எவ்வளவு வெளிச்சம் தேவைப்படும்?

பதில் 1:
உங்களுக்குத் தோன்றுவதுதான் சரி. பட்டமளிப்புப் படங்களைப் பார்க்க வெளியாள் ஏன் வரவேண்டும்? கட்டடங்களில் ஒளிப்படம் காட்டும் கலைஞர் கிரிஸ்டோஃப் வோடிச்கோ 1998இல் அமெரிக்காவின் பாஸ்டனில் பங்கர் ஹில் நினைவுத்தூணில் செய்ததைப் பாருங்கள். பிள்ளைகளைக் கொலையில் பறிகொடுத்த அந்தப் பகுதித் தாய்மார்கள் நடந்ததைத் தாங்களே சொன்னார்கள், பேசுகிறவரின் உருவம் அவ்வளவு உயரக் கல்தூணில் விழ, குரல் ஒலிபெருக்கியில் வந்தது. அப்போது வோடிச்கோ எம்ஐடி என்ற அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். பக்கத்துத் தெருக்காரர் பேசுகிறார் என்றால் தெருவே வரும்.

பதில் 2:
வெளிச்சக் கணக்கு எளிது: லூமென்ஸை, அதாவது புரொஜெக்டர் தரும் மொத்த ஒளியின் அளவை, சுவரின் பரப்பால் வகுங்கள். 20,000 லூமென்ஸ் புரொஜெக்டரை 20 மீட்டர் அகலம், 15 மீட்டர் உயரத்துக்கு விரித்தால் சதுர மீட்டருக்குச் சுமார் 67தான், அதாவது 67 லக்ஸ். தெருவிளக்கு அதே சுவரில் 20 லக்ஸ் கொட்டினால் படத்தின் கருப்பெல்லாம் சாம்பல் நிறமாகிவிடும், அதனால் முதலில் விளக்கை அணைக்க அனுமதி வாங்குங்கள். கருஞ்செங்கல் ஒளியை விழுங்கும், கண்ணாடி உள்ளே விட்டுவிடும். ஜன்னல்களுக்கு உட்பக்கம் வெள்ளைத் துணி கட்டிப் பாருங்கள்.

பதில் 3:
பேசக் கூச்சப்படுகிறவர்களுக்கும் வழி இருக்கிறது. ரஃபேல் லோசானோ-ஹெம்மர் என்ற கலைஞர் 2001இல் நெதர்லாந்தின் ராட்டர்டாமில் 'பாடி மூவீஸ்' என்ற ஒளிக் காட்சியைச் செய்தார். தெருவில் எடுத்த ஆட்களின் படங்கள் சுவரில் இருக்கும், ஆனால் கீழே வைத்த பலமான விளக்குகள் அவற்றை மறைத்துவிடும். நீங்கள் குறுக்கே நின்றால் உங்கள் நிழலுக்குள் அந்த ஆள் தெரிவார். விளக்கை நெருங்க நெருங்க நிழல் பெரிதாகும், 25 மீட்டர் வரைக்கும். எல்லாப் படங்களும் நிழலுக்குள் வந்தால்தான் அடுத்த தொகுதி மாறும், அதனால் முன்பின் தெரியாதவர்கள் சேர்ந்தே ஆடவேண்டியிருக்கும். எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்தது.

கேட்டவர்:
நன்றி. நூலக முகப்பு வளாகத்தைப் பார்த்து இருக்கிறது, ஆய்வகத்தின் பின்சுவர்தான் சாலையைப் பார்க்கிறது. அதையே கேட்கப்போகிறேன்.

பதில் 1:
நல்லது. அப்புறம் ஒன்று: பேசியவர்களுக்கு முதலில் போட்டுக் காட்டுங்கள், வேண்டாம் என்றால் யோசிக்காமல் எடுத்துவிடுங்கள்.