செம்பள்ளிவாசல் படம்: கோடுகள் நெளியுது, வழி சொல்லுங்கோ

கொழும்பு புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெரு சிவப்புப் பள்ளிவாசல் படம் ஒன்று போட்டிருக்கிறேன். கமரா அமைப்பு: 18 மி.மீ., எஃப் 8, ஐஎஸ்ஓ 100, 1/250. நல்லது, சூப்பர் என்பதெல்லாம் வேண்டாம், பிழையைச் சொல்லுங்கோ.

சிக்கல் இதுதான். 6000 பிக்சல் அகல மூலப்படத்தில் சிவப்பு வெள்ளைப் பட்டைகள் துல்லியமாக இருக்கு. பேஸ்புக்குக்காக 2048க்குச் சுருக்கினால் மேல் மினாரில் அலை அலையாக மொய்ரே (நெருக்கமான கோடுகளில் வரும் பொய்க் கோலம்) விழுது. சிவப்பு வெள்ளைப் பட்டைச் சோடி ஒன்றுக்கு இரண்டு பிக்சல்கூட மிஞ்சாததால் வருவது அது. ஏற்றுமதியில் ‘ஷார்ப்பனிங்’கை (விளிம்புகளைக் கூராக்குவதை) நிறுத்தினேன், பாதி குறைந்தது. சுருக்குமுன் அந்த மினாருக்கு மட்டும் லேசாக ‘புளர்’ (மங்கல்) கொடுத்தால் மிச்சமும் போகுமா? எத்தனை பிக்சல் கொடுப்பீங்கள்?

தெரு ஒடுக்கம் என்பதால் கமராவை அண்ணாந்து பிடிக்கத்தான் வேணும். மினார்கள் உள்ளே சாயுது. கணினியில் நிமிர்த்தினால் இரண்டு பக்கமும் வெட்டுப்படும், கீழே நாட்டாமிமாரின் (சுமை தூக்குவோரின்) கைவண்டி போயிடும். அந்த வண்டி இல்லாமல் புறக்கோட்டை என்ன புறக்கோட்டை! முழுக்க நிமிர்த்தாமல் கொஞ்சம் சாய்வை விட்டால் கண்ணுக்கு உறுத்துமா?

இன்னொன்று, சிவப்பு. பொது ஹிஸ்டோகிராம் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபு) சரியாகக் காட்டினாலும் சிவப்பு நிறத்துக்கான சானல் மட்டும் வலது ஓரத்தில், அதாவது உச்ச அளவில், முட்டி நிற்குது, செங்கல் பூச்சு பிளாஸ்டிக் மாதிரித் தெரியுது. மத்தியான வெயிலில் வெளிச்சத்தை 2/3 ஸ்டொப் குறைத்து எடுத்தால் போதுமா, இல்லை பின்னேரம்தான் போகவேணுமா?

மூலக்கோப்பு தேவையென்றால் கேளுங்கோ. வட்ஸ்அப்பில் அனுப்பினால் ‘டொக்கியூமென்ட்’ ஆகத்தான் அனுப்புவேன், படமாக அனுப்பினால் அது இன்னும் நசுக்கிவிடும்.