25 ஆயிரம் பட்ஜெட்: 2015 ஐ5 கம்ப்யூட்டர்ல காசு போடலாமா, இல்ல அதை விட்டுட்டு வேற பாக்கலாமா?

ஹட்டி_கேமர்:
வணக்கம்ணா எல்லாருக்கும். கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியில, அதான் படுகர் ஊருல, இருக்கேன். எங்கிட்ட இருக்கறது 2015ல மாமா வாங்கிக் குடுத்த கம்ப்யூட்டர். ஐ5 4460 ப்ராசசர், எச்81 போர்டு, டிடிஆர்3 8 ஜிபி ராம் ஒரே ஸ்டிக், ஜிடிஎக்ஸ் 750 டிஐ 2 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 1 டிபி ஹார்டு டிஸ்க், 450 வாட்ஸ்னு ஸ்டிக்கர் ஒட்டுன லோக்கல் பவர் சப்ளை. மானிட்டர் 1080பி, அது நல்லாத்தான் இருக்குது. ஜிடிஏ 5 ஓடுது, சிஎஸ் 2 (கவுண்டர் ஸ்ட்ரைக்) போட்டா புகை குண்டு விழுந்த உடனே ஸ்லைடு ஷோ மாதிரி ஆயிருது, ஹார்டு டிஸ்க் விண்டோஸ் ஏத்தறதுக்குள்ள டீ போட்டு குடிச்சிரலாம். விண்டோஸ் 10 வேற 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சிருச்சு. தம்பிக்கு வேலரன்ட் கேம் வேணுமாம், அவனுக்கு காலேஜ்ல கோடிங்கும் இருக்குது. சம்பளத்துல சேத்து வெச்சது 25 ஆயிரம், அதுக்கு மேல இந்த வருசம் முடியாதுங்ணா. இதுலயே பார்ட்ஸ் மாத்தலாமா, இல்ல காத்திருந்து புதுசா போகலாமா?

லவ்டேல்வாசி:
தம்பி, டிடிஆர்3 போர்டுல இனிமே ஒரு ரூபா போடாதீங்க. உங்க ஐ5 4460 மாதிரி 4வது தலைமுறை இன்டெல் விண்டோஸ் 11 லிஸ்ட்லயே இல்ல, அது 8வது தலைமுறைல இருந்துதான் ஆரம்பிக்குது. குறுக்கு வழியில விண்டோஸ் 11 ஏத்திக்கலாம், ஆனா வேலரன்ட் விண்டோஸ் 11ல டிபிஎம் 2.0வும் (மிசினுக்குள்ள இருக்கற பாதுகாப்பு சிப்) செக்யூர் பூட்டும் (மிசின் ஆன் ஆகறப்ப திருட்டு சாப்ட்வேர் நுழையாம பாக்கற வசதி) இருக்கான்னு பாக்கும், இல்லைன்னா உள்ளயே விடாது. தம்பி கேக்கற கேமே நாளைக்கு நிக்கும்னா அந்த செலவு எதுக்கு? 25 ஆயிரத்த அப்படியே வைங்க, இன்னும் கொஞ்சம் சேருங்க, ரைசன் 5 5600, பி550 போர்டு, 16 ஜிபி டிடிஆர்4னு ஒரேயடியா போங்க. அஞ்சு வருசம் திரும்பிப் பாக்க வேண்டாம்.

பழசே_துணை:
லவ்டேல் அண்ணா சொல்றது கேக்க நல்லாருக்கு, ஆனா டிடிஆர்4 ரேட் இப்ப என்னன்னு பாத்தீங்களா? 2025 கடைசில இருந்து ராம் கம்பெனிங்க எல்லாம் ஏஐ சர்வருக்கு மெமரி போட்டுத் தள்ளறதுல சாதா ராம் விலை ரெண்டு மடங்குக்கு மேல போயிருச்சு, அவரு சொல்ற செட்டுல கிராபிக்ஸ் கார்டு இல்லாமலே 25 தாண்டிரும், அப்பறம் 750 டிஐய அதுல சொருகி என்ன ஆடறது. தம்பி இப்ப ஆடோணும்னு கேக்கறாரு, 2 வருசம் கழிச்சு இல்ல. என் கணக்கு இது: இப்ப ப்ராசசர் உக்காந்திருக்கற அதே எல்ஜிஏ 1150 சாக்கெட்டுல ஐ7 4790 பழசு, 4 கோர் 8 த்ரெட், பயாஸ் (போர்டோட அடிப்படை சாப்ட்வேர்) அப்டேட் மட்டும் பாத்துக்கோணும். இன்னொரு 8 ஜிபி டிடிஆர்3 பழசு போட்டா டூயல் சேனல் ஆயிரும், அதாவது ரெண்டு ஸ்டிக்கும் சேந்து வேகமா வேலை செய்யும், சிஎஸ் 2ல அந்த தடங்கல் கொஞ்சம் அதுலயே குறையும். ஹார்டு டிஸ்க்க விட வேகமான ஒரு சாட்டா எஸ்எஸ்டி. பழைய ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராபிக்ஸ் கார்டு ஒண்ணு. எல்லாம் சேத்தி பட்ஜெட்டுக்குள்ள வரும், 1080பில சிஎஸ் 2, ஜிடிஏ 5 தாராளமா ஓடும். விண்டோஸ் 10க்கு 2026 அக்டோபர் 13 வரைக்கும் செக்யூரிட்டி அப்டேட் நீட்டிப்பு இருக்கு, மைக்ரோசாப்ட் அக்கவுண்ட்ல சைன் இன் பண்ணி செட்டிங்ஸ பேக்கப் போட்டா காசே இல்ல.

லவ்டேல்வாசி:
2026 அக்டோபர் கண்ண மூடி தொறக்கறதுக்குள்ள வந்துரும். இன்னொண்ணு, எச்81 போர்டுல கிராபிக்ஸ் ஸ்லாட்டு பிசிஐஇ 2.0தான், பழைய வேகம், ஐ7 போட்டாலும் 3.0 ஆகாது. 1660 சூப்பர் 16 லேன் (டேட்டா போற பாதை) கார்டு, அதனால பெருசா அடி விழாது, ஒத்துக்கறேன். ஆனா யாராச்சும் விலை கம்மின்னு ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி வாங்கச் சொன்னா வாங்கிராதீங்க, அது 4 லேன், 4 ஜிபி, இந்த போர்டுல படுத்துரும். ஆர்எக்ஸ் 6600 கூட 8 லேன்தான். இன்டெல் ஆர்க் பக்கமே போகாதீங்க, அதுக்கு ரீசைசபிள் பார்னு, ப்ராசசர் கார்டோட மெமரி முழுசையும் ஒரேயடியா தொடற வசதி வேணும், இந்த போர்டுல கம்பெனி அதுக்கு வழி குடுக்கல. ஐ7க்கு குடுக்கற காசு மட்டும் சுத்தமா செத்த காசு, நாளைக்கு புது போர்டு எதுலயும் உக்காராது.

எஸ்டேட்_கரண்ட்:
ரெண்டு பேரும் ப்ராசசர் பத்தியே பேசறீங்க, எங்க ஊரு கரண்ட்ட யாரும் பேசலயே. தேயிலை பேக்டரில எலக்ட்ரீசியனா இருக்கேன், அதனால சொல்றேன். வடகிழக்கு மழை வந்தா கோத்தகிரி, குன்னூர் பக்கம் மரம் சாஞ்சு லைன் அறுந்து போறது வருசா வருசம் உள்ளதுதான், கரண்ட் திரும்ப வர்றப்ப வோல்ட்டேஜ் எகிறி எகிறி வரும். 2015 லோக்கல் பவர் சப்ளைல உள்ள இருக்கற கெப்பாசிட்டர் எல்லாம் இந்நேரம் உப்பிருக்கும். அதுல 125 வாட்ஸ் இழுக்கற 1660 சூப்பர மாட்டி, 8 பின் இல்லைன்னு ஹார்டு டிஸ்க் வயர்ல இருந்து கன்வர்ட்டர் போட்டீங்கன்னா வயர் உருகும். என்ன கார்டு வாங்கினாலும் முதல்ல பவர் சப்ளைய மாத்துங்க.

யூபிஎஸ்சும் பாருங்க. நம்ம வீட்டுல எல்லாரும் வெச்சிருக்கற 600 விஏ யூபிஎஸ் 360 வாட்ஸ்தான் தாங்கும், அதுவும் பேட்டரி புதுசா இருந்தா. பெரிய கார்டு போட்டுட்டு கேம் நடுவுல கரண்ட் போச்சுன்னா யூபிஎஸ் கத்திட்டு அதுவும் சேந்து அணைஞ்சிரும்.

அப்பறம் பனி. டிசம்பர், ஜனவரில ராத்திரி எல்லாம் ஜில்லுனு கெடந்த கேபினெட்டு மேல அடுப்படி ஆவியோ, சமையல் முடிஞ்ச ஈரக்காத்தோ பட்டா உள்ள முத்து முத்தா தண்ணி நிக்கும். மிசின சமையலறைச் செவுத்துல இருந்து தள்ளி வைங்க. மழைக்காலத்துல ஆடாட்டியும் தினம் கொஞ்ச நேரம் ஓட விடுங்க, அந்த சூட்டுலயே ஈரம் காஞ்சிரும். மாசக்கணக்கா மூடி வெச்சா ஸ்லாட்டு, ராம் காலெல்லாம் பச்சை பூத்துரும்.

பழசே_துணை:
பவர் சப்ளை விசயம் நூத்துக்கு நூறு. ஆனா ஒண்ணு, நம்ம ஊரு குளிரு கம்ப்யூட்டருக்கு நல்லது தானே?

எஸ்டேட்_கரண்ட்:
நல்லதுதான், ஆனா நீங்க நினைக்கற அளவுக்கு இல்ல. ஊட்டி ஒசரத்துல காத்தோட அடர்த்தி கடல் மட்டத்த விட கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு கம்மி, அதனால அதே பேன் அதே வேகத்துல சுத்துனாலும் கம்மி சூட்டத்தான் வெளிய தள்ளும். ரூம் 15 டிகிரில இருக்கறதால அது தெரியறதில்ல. வெயில் காலத்துல ஜன்னல மூடிட்டு ஆடுனா தெரியும்.

காந்திபுரம்_சர்வீஸ்:
கோயமுத்தூர்ல கம்ப்யூட்டர் சர்வீஸ் பாக்கறேன், மலைல இருந்து நெறய பேரு வருவாங்க. தம்பிக்கு மூணாவது ஒரு வழி சொல்றேன். ஆபீஸ்ல இருந்து கழிச்சு விடற டவர் கம்ப்யூட்டருங்க, ஐ5 8500 மாதிரி, 6 கோர், 2018 சரக்கு. விண்டோஸ் 11 ஒழுங்கா ஏறும், டிபிஎம் 2.0 இருக்கும், வேலரன்ட் ஓடும். முக்கியமா ராம் உள்ளயே டிடிஆர்4ல வந்துரும், இன்னிக்கு ராம் விக்கற விலைக்கு ராமத் தனியா வாங்கறத விட மிசினோட வாங்கறது லாபம். ஆனா ரெண்டு விசயம் பாக்கோணும். ஒண்ணு, ஒல்லி டப்பா வாங்காதீங்க, அதுல குட்டை கார்டுதான் உக்காரும், முழு சைஸ் டவர் பாருங்க. ரெண்டாவது, இந்த மிசின்ல பவர் சப்ளை அந்தந்த கம்பெனி சொந்த கனெக்டர், சாதா பவர் சப்ளை நேரா மாட்ட முடியாது, பெரும்பாலும் எக்ஸ்ட்ரா பவர் வயரும் இருக்காது. அதனால ஸ்லாட்டுலயே பவர் எடுத்துக்கற கார்டு, 75 வாட்ஸ் ஜிடிஎக்ஸ் 1650, இல்ல 70 வாட்ஸ் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி. 3050லயே 8 ஜிபி வேற, அதுக்கு பவர் வயர் வேணும், மாத்தி வாங்கிராதீங்க. 1650லயும் சில மாடலுக்கு 6 பின் இருக்கும், கார்டோட பக்கவாட்ட பாத்து வாங்குங்க.

லவ்டேல்வாசி:
இத நான் ஒத்துக்க மாட்டேன் சார். கம்பெனி கனெக்டர்னா நாளைக்கு பவர் சப்ளை போனா மலைல எங்க தேடறது? போர்டு போனா மிசினே போச்சு. இவரு ஒவ்வொரு தடவையும் மேட்டுப்பாளையம் எறங்கி கோயமுத்தூர் வரோணும், போக வர ஒரு நாள் லீவு. புதுசுன்னா வாரன்ட்டி இருக்கு.

காந்திபுரம்_சர்வீஸ்:
வாரன்ட்டி இருந்தாலும் மிசின் கீழ வரத்தானே வேணும் சார், அதுக்கும் அதே லீவுதான். புதுசு நல்லது, நான் இல்லைங்கல. ஆனா 25 ஆயிரத்துல புதுசு இப்ப வராது, அவரு கையில இருக்கறது அவ்வளவுதான்.

பழசே_துணை:
என்னைக் கேட்டா இன்னும் 1660 சூப்பர்தான். அது 1650 விட நல்லாவே வேகம், 6 ஜிபி வேற. 1650 எல்லாம் 4 ஜிபி, இன்னும் ஒரு வருசத்துல திணறும். 750 டிஐக்கு என்விடியா புது கேம் டிரைவர் குடுக்கறத 2025 அக்டோபரோட நிறுத்திட்டாங்க, செக்யூரிட்டி அப்டேட் மட்டும் 2028 வரைக்கும். அதனால கார்டு எப்படியும் மாத்தோணும், மாத்தறதுனா ஒழுங்கான கார்டா மாத்துங்க.

ஹட்டி_கேமர்:
எல்லாருக்கும் நன்றிங்ணா, தம்பியையும் உக்கார வெச்சு ரெண்டு தடவை படிச்சோம். அவனுக்கு வேலரன்ட் இல்லாட்டி பரவால்ல, காலேஜ் வேலைக்கு விண்டோஸ் 11 மட்டும் கண்டிப்பா வேணும்கறான். அதனால ஐ7 வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன், பழசேதுணை அண்ணா தப்பா நெனைக்காதீங்க. இந்த வாரம் 500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி மட்டும் வாங்கி இந்த மிசின்லயே போட்டுக்கறேன், எந்த மிசினுக்கு போனாலும் கூட வரும். விண்டோஸ் 10 நீட்டிப்பும் போட்டாச்சு. லீவு கெடைச்சா கீழ போயி 8500 டவர் பாக்கறேன், மிசினையும் பழைய 1650 ஒண்ணையும் சேத்தி 25க்குள்ள முடிஞ்சா எடுத்துருவேன், முடியலைன்னா கார்டு அடுத்த மாசம். காந்திபுரம் அண்ணா, பழைய கார்டு வாங்கறப்ப கடையில என்ன பாக்கோணும்?

காந்திபுரம்_சர்வீஸ்:
கடையிலயே மாட்டி, கார்ட முழு மூச்சா ஓட்டற ஸ்ட்ரெஸ் டெஸ்ட் அரை மணி நேரம் ஓட்டச் சொல்லுங்க. திரையில புள்ளி புள்ளியா கலர் சிதறினா வேண்டாம். பேன் கையால சுத்திப் பாருங்க, கரகரன்னா விலைல கழிக்கச் சொல்லுங்க. ஜிபியு-இசட்னு ஒரு சின்ன சாப்ட்வேர் இருக்கு, பென் டிரைவ்ல எடுத்துட்டு வாங்க, அதுல கார்டோட நெசமான பேரு தெரியும், பயாஸ மாத்தி வேற பேருல விக்கற கார்டுல அது பேக்குன்னே எழுதிக் காட்டும்.

லவ்டேல்வாசி:
நான் இன்னும் புதுசுதான் சரின்னு சொல்றேன் தம்பி, ஆனா போறதா முடிவு பண்ணிட்டீங்கன்னா காசு குடுக்கறதுக்கு முன்னாடி அந்த டவர்ல விண்டோஸ் ரன் பாக்ஸ்ல tpm.msc போட்டு 2.0ன்னு காட்டுதான்னு பாருங்க. பயாஸ்ல பழைய ஆபீஸோட பாஸ்வேர்டு இருக்கான்னும் கேளுங்க, இருந்தா அவங்களையே எடுத்துக் குடுக்கச் சொல்லுங்க. மேல கொண்டு வந்தப்பறம் செக்யூர் பூட் ஆன் பண்ண முடியாம நிக்கக் கூடாது.