ஐயா தேறிவிட்டார், இன்னும் ஏன் வாட்டில் வைத்திருக்கிறார்கள்?

நீர்வேலிப் பொடியன்:
செவ்வாய் காலை ஐயா வெங்காயத்துக்கு மருந்தடித்தார். மெசின் மூடி இறுகவில்லை. குனியும்போதெல்லாம் முதுகில் ஒழுகி, சட்டையும் சாரமும் நனைந்துவிட்டன. வாயில் ஒரு சொட்டும் படவில்லை என்று நல்லூரான் மேல் சத்தியம் செய்கிறார். மத்தியானம் தலையிடி. வெயில்தான் என்று அம்மா தேசிக்காய்த் தண்ணீர் கரைத்துக் கொடுத்தார். பிறகு எச்சில் நிற்கவில்லை, ஒரே வியர்வை, கண்மணி குண்டூசித் தலையளவு. போத்தலைப் பார்த்த டொக்டர் ஓர்கனோபொஸ்பேற் வகைப் பூச்சிமருந்து என்று சொல்லி, அதற்கான முறிவு மருந்து அத்ரோப்பீனை ஏற்றினார். புதன் காலை ஐயா பிளேன்ரீ கேட்டார்! இன்று வியாழன், இன்னும் விடவில்லை. தாதி அடிக்கடி வந்து "தலையணையிலிருந்து தலையைத் தூக்குங்கள்" என்கிறார். கழுத்துக்கும் பூச்சிமருந்துக்கும் என்ன சம்பந்தம்?

ஓய்வுபெற்ற தாதி:
தம்பி, அந்தக் கழுத்தில்தான் எல்லாம் இருக்கிறது. இந்த மருந்து தோலாலேயே உள்ளே போகும். தசைக்கும் சுரப்பிக்கும் செய்தி சொல்ல நரம்பு விடுகின்ற அசற்றைல்கோலின் என்ற பொருளை உடைக்கும் நொதியை முடக்கிவிடும். அது உடையாமல் தேங்கினால் எச்சில், வியர்வை, நெஞ்சுச் சளி எல்லாம் மடை திறந்த மாதிரி. அத்ரோப்பீன் அந்த மடையைக் கட்டும். தசையின் பலவீனத்துக்கு அது உதவாது. 1 முதல் 4 நாட்களுக்குள், வீட்டார் சாமான் கட்டத் தொடங்கும் நேரத்தில், சிலருக்குக் கழுத்து சோரும். அடுத்தது மூச்சுத் தசை. பிறகு செயற்கைச் சுவாசம்தான். இந்த நடுக்கட்டத்தை 1987இல் உலகுக்கு எழுதிக் காட்டியவர்கள் நம் நாட்டு மருத்துவர்களான சேனநாயக்கவும் கரல்லியத்தவும். கையெழுத்து வைத்து ஐயாவைக் கூட்டி வந்துவிடாதீர்கள்.

புத்தூர்த் தோட்டக்காரன்:
அந்தச் சாரம் இப்போது எங்கே? நான் ஒருமுறை தோய்க்காத சாரத்தையே மறுநாளும் கட்டி, அன்று முழுக்கக் கண் மங்கித் திரிந்தேன். அம்மாவை வெறுங்கையால் தொட விடாதீர்கள். கிணற்றடியில் அலசவும் வேண்டாம். நம் சுண்ணாம்புக்கல் நிலத்தில் ஊற்றுவது கிணற்றுக்கே திரும்பும். வேப்பெண்ணெய்க்கு மாறு என்று இனி நாலு பேர் வருவார்கள். புழு விழுந்தால் அவர்களா வந்து பொறுக்கப்போகிறார்கள்?

நீர்வேலிப் பொடியன்:
சாரம் கிணற்றுக்கட்டிலேயே கிடந்திருக்கிறது. தங்கச்சிக்குப் போன் எடுத்து, கையில் ஷொப்பிங் பையை மாட்டிக்கொண்டு அப்புறப்படுத்தச் சொன்னேன். சற்று முன் தாதி ஐந்து எண்ணும் வரை ஐயாவின் தலை நின்றது. தூக்கியபடியே என்னிடம் கேட்டார்: "வெங்காயத் தறைக்குத் தண்ணீர் இறைத்தாயா?"