மொரீஷியஸில் நான் பிடித்த மார்லின் யாருக்குச் சொந்தம்?

தூண்டில்துரை:
போன ஜனவரியில் குடும்பத்தோடு மொரீஷியஸ் போயிருந்தோம். பிளாக் ரிவர் என்ற கடலோர ஊரில் மீன் பிடிக்க அரை நாளுக்குப் படகு எடுத்தேன், காசு கொஞ்சநஞ்சமில்லை. முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டி ஒரு நீல மார்லினை, ஈட்டி மாதிரி மூக்கு நீண்ட பெரிய கடல் மீன் அது, பக்கத்தில் கொண்டுவந்தேன், 90 கிலோ இருக்கும் என்றார் கேப்டன். கை நடுக்கம் நிற்பதற்குள் கொக்கியைப் போட்டு ஏற்றிவிட்டார்கள். கரைக்கு வந்தால் மீன் படகுக்குச் சொந்தமாம்! என் கையில் ஒரு பாலிதீன் பை, அதில் ஒரு கிலோ துண்டு. மற்றதெல்லாம் தராசிலிருந்து நேராக வியாபாரி வண்டிக்கு. இது பகல் கொள்ளை இல்லையா?

நெய்தல்72:
கொள்ளையெல்லாம் இல்லை தம்பி, அந்த ஊர் வழக்கமே அதுதான். நீங்கள் கொடுத்தது கடலுக்குப் போய்வர, மீனுக்கு இல்லை. மீன் விற்ற காசும் சேர்ந்தால்தான் அவர்களுக்கு டீசலும் ஆள் கூலியும் கட்டும். ஹோட்டலில் காலையில் மெல்லிசாக நறுக்கி வைத்திருப்பார்களே, புகை போட்ட மார்லின், அது வேறு எங்கிருந்து வருகிறதாம்? ஏறும் முன்னாலேயே கேட்டிருக்க வேண்டும்.

அலைபாயும்மணி:
இரண்டு பேரும் பங்கு பிரிக்கிறீர்கள், அதை ஏன் கொல்ல வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. நீல மார்லினில் ஆண் 150 கிலோவைத் தாண்டுவதே அபூர்வம், ராட்சச மீன் எல்லாம் முட்டையிடும் பெண்தான். அடையாளச் சீட்டைக் குத்தி விட்டுவிட வேண்டியதுதானே?

பாம்பன்காரன்:
வந்துவிட்டார் கருணை வள்ளல். எங்கள் அப்பா வலையில் மார்லின் ஜாதித் தளப்பத்து மீன் விழுந்தால் நாலு வீட்டில் அடுப்பெரியும். வாயில் தூண்டில் முள்ளைக் குத்தி, முக்கால் மணி நேரம் இழுத்தடித்து, கட்டிப்பிடித்துப் படம் எடுத்து, அப்புறம் போய் வா என்று அனுப்புவதற்குப் பெயர் இரக்கமா? பசிக்குப் பிடிக்கிறவன் மீனோடு விளையாட மாட்டான். அதுவும் போக, இந்தியப் பெருங்கடலில் மார்லினை அள்ளுவது ஒரே நீளக் கயிற்றில் வரிசையாக முள் கட்டிய ஆயிரங்கால் தூண்டில் போடும் பெரிய கப்பல்களும், மீனைச் செவுளில் மாட்டவைக்கும் செவுள்வலைகளும். சுற்றுலாக்காரன் பிடிப்பது அதில் தூசு.

அலைபாயும்மணி:
கப்பல் விஷயம் சரி, மறுக்கவில்லை. கட்டிப்பிடித்துப் படம் எடுப்பதும் தப்புதான். விடப்போகிற மீனைத் தண்ணீருக்கு வெளியே தூக்கவே கூடாது, ஃபுளோரிடாவில் சட்டமே அப்படி. அமெரிக்காவின் அட்லாண்டிக் பக்கம் மார்லின் பிடிக்கும் போட்டிகளில் இரை மீன் கோத்துப் போடுகிறவர்களுக்கு 2008 முதல் வட்ட முள், அதாவது நுனி உள்பக்கம் வளைந்த தூண்டில் முள், கட்டாயம். அது வயிற்றுக்குள் இறங்காமல் பெரும்பாலும் வாயோரத்தில்தான் மாட்டும். ஒழுங்காகச் செய்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு, கொக்கி போட்டால் உண்டா?

பாம்பன்காரன்:
விட்ட மீன் பத்து நிமிஷம் கழித்து அடியில் செத்துக் கிடந்தால் உங்களுக்குத் தெரியுமா? என் கேள்வி அவ்வளவுதான்.

நெய்தல்72:
நானும் அங்கே ஒரு தடவை போயிருக்கிறேன், தைப்பூசக் காவடிக்கு முந்தின வாரம். உதவியாள் பையனுக்குப் பெயர் தமிழ்ப் பெயர், பேசுவது அந்த ஊர்க் கிரியோல் மொழி. பத்து நாள் விரதம், மீன் வாயில் வைக்க மாட்டான். ஆனால் ஒரு வாஹூ மீன் மாட்டியதும் அவன் கொக்கி வீசிய வேகம் இருக்கிறதே! இறங்கியதும் ஐந்து தடவை கை கழுவினான். அவனிடம் போய் விடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த மீனில் அவன் சம்பளம் இருந்தது.

அலைபாயும்மணி:
அப்படியானால் மீன் விலையையும் சேர்த்து வாடகை பேசிக்கொண்டு விடச் சொல்லுங்கள். பையனுக்கும் நஷ்டமில்லை.

தூண்டில்துரை:
ஐயா, கேள்வி கேட்டவன் நான், என்னை விட்டுவிட்டீர்கள். இந்த நவம்பரில் மறுபடி போகிறேன். விடுவதா வைப்பதா, வைத்தால் எனக்கு எத்தனை கிலோ என்று முன்பே வாட்ஸாப்பில் எழுதி வாங்கிக்கொள்ளப் போகிறேன். அந்த ஒரு கிலோவை ஹோட்டல் சமையல்காரர் கடுகு மஞ்சள் போட்டு விந்தாய் என்ற அந்த ஊர்ப் பதார்த்தம் செய்து கொடுத்தார், அதை மட்டும் குறை சொல்ல முடியாது.

பாம்பன்காரன்:
அப்போ விடப்போவதில்லை.