பங்குனியில் மலையேறிய ஒரு நாள்: வழியில் எதிர்ப்பட்டது யார்?

கோவைக்காரன்:

சீசன் கூட்டம் வருவதற்கு முன்னால், மாசி பிற்பாதியிலிருந்து சித்திரை பிறக்கும் வரைக்குள், காலையில் கிளம்பி ராத்திரி வீடு திரும்பும்படி நீலகிரிக்கோ, கொடைக்கானல் இருக்கிற பழனி மலைக்கோ போனவர்கள் இங்கே எழுதுங்கள். எந்த வியூ பாயின்ட் அழகு என்பதெல்லாம் வேண்டாம், அது எங்கே தேடினாலும் கிடைக்கும். வழியில் யார் எதிர்ப்பட்டார், எது எதிர்ப்பட்டது, அதைச் சொல்லுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

போன வருடம் பங்குனி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். கோவையில் காலை எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று அடித்தது. அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. பஸ்ஸில் ஏறப் போகிறோம் என்றால் மட்டும் அந்த வலி எங்கேயோ போய்விடும். மேட்டுப்பாளையத்தில் இறங்கி கோத்தகிரி பஸ் பிடித்தோம். 33 கிலோமீட்டர்தான். குஞ்சப்பனை தாண்டியதும் ஜன்னல் காற்று மாறிவிட்டது. அம்மா முந்தானையை இழுத்துக் காதை மூடிக்கொண்டார்.

சோதனைச்சாவடியில் எங்களுடைய தண்ணீர் பாட்டில் இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். நீலகிரி மாவட்டத்தில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை என்று தெரிந்தே எடுத்துப் போனது நான்தான். திட்டு முழுக்க எனக்கே கிடைத்தது.

கோத்தகிரியில் டீ குடிக்கும்போது, கோடநாடு பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். சரி, அதுவரை பக்கத்தில் கன்னேரிமுக்கு போய் சல்லிவன் பங்களாவைப் பார்த்துவிட்டு வரலாம் என்று நடந்தோம். கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் மலையேறி வந்து கட்டிய வீடு, ஊட்டி ஊராவதற்கும் முந்தியது. ரோட்டை விட்டு தேயிலைக்கு நடுவே ஒரு குறுக்குப் பாதை இருந்தது. சில்வர் ஓக் மரங்களில் மஞ்சளாகப் பூ. அம்மா அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தார். நான்தான் முன்னால் பார்த்தேன். முப்பது அடி தள்ளி, பாதையை அடைத்துக்கொண்டு ஒரு காட்டெருமை.

கறுப்பு என்று சொன்னால் போதாது, எண்ணெய் தேய்த்துவிட்ட மாதிரி மினுமினுப்பு. நாலு காலிலும் முழங்காலுக்குக் கீழே வெள்ளை சாக்ஸ். அது எங்களைப் பார்த்தது. நான் செல்போனை எடுக்கப் போனேன், என் கையைப் பிடித்தது அம்மா இல்லை, பயம்தான்.

"நில்லுங்க தம்பி. ஓடாதீங்க. அப்படியே பின்னால காலை வச்சு வாங்க" என்று மேலேயிருந்து ஒரு அக்காவின் குரல். தேயிலைக்குள் நாலைந்து பேர் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவைத் தாங்கிப் பிடித்து அவர்கள் இருந்த மேட்டுக்கு ஏறினோம். "தனியா நிக்கிற கிடா இது. அது பாட்டுக்கு வரும், அது பாட்டுக்குப் போகும். நாம அவசரப்பட்டாதான் வம்பு" என்றார் அந்த அக்கா. அது போக முக்கால் மணி நேரம் ஆனது.

அந்த முக்கால் மணி நேரத்தைத்தான் நான் எழுத வந்தது. அம்மா ஒரு பாறையில் உட்கார்ந்து முறுக்குப் பையைப் பிரித்தார். அந்த அக்காவுக்கு அறுபதை ஒட்டிய வயது. பிறந்தது இலங்கையில், நுவரெலியா பக்கம் ஒரு எஸ்டேட்டில். 1964-இல் நம் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பம். எட்டு வயதில் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேசுவரத்தில் இறங்கியிருக்கிறார். "கப்பல்ல எங்கம்மா வாந்தி எடுத்துக்கிட்டே வந்துச்சு. எனக்கு ரயிலுதான் பிடிச்சுது" என்றார். அங்கேயும் தேயிலை, இங்கேயும் தேயிலை. பனிக்காலத்தில் கருகின செடி இப்போதுதான் தளிர்க்கிறது, மாசி, பங்குனியில் இலை குறைவு, இரண்டு மழை விழுந்தால் கை ஓயாது என்றெல்லாம் சொல்லிக்கொண்டே பறித்தார். இரண்டு இலை, ஒரு மொட்டு. அம்மாவும் ஒரு கை பறித்துப் பார்த்தார். "முத்தினதையும் சேத்துப் பறிக்கிறீங்கம்மா" என்று அந்த அக்கா சிரித்துவிட்டு, அம்மா பறித்ததில் பாதியைக் கீழே போட்டார்.

கோடநாடு பஸ் போய்விட்டது. சல்லிவன் பங்களாவும் பார்க்கவில்லை. வீட்டில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டதற்கு அம்மா, "ஒரு மாடு பார்த்தோம்" என்றார்.

மேட்டுப்பாளையம் மாப்பிள்ளை:

உங்கள் மாட்டுக்கு முன்னால் என் குரங்கு சின்னதுதான். இருந்தாலும் எழுதுகிறேன்.

கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து ஆறு வருடம். தினமும் காலையில் ஊட்டி மலை ரயில் கூவும் சத்தம் காதில் விழும், ஏறினதில்லை. மாமனாருக்கும் கிட்டத்தட்ட அதே கதை, பிறந்ததிலிருந்து இந்த ஊர், ரயிலேறியது ஒரே ஒரு தடவை. இரண்டு வருடம் முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் விடிகாலையில் வரிசையில் நின்று முன்பதிவில்லாத டிக்கெட் வாங்கிவிட்டோம். மே மாதத்தில் இது நடக்காது.

ஏறுகிற போது எஞ்சின் பின்னால் இருந்து தள்ளும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கல்லாரில் தொடங்கி குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவில் பல்லுப் பட்டை, அதில் எஞ்சினின் பல்சக்கரம் கடித்துக் கடித்து ஏறுகிறது. பெட்டிக்குப் பெட்டி முன்னால் ஒரு பிரேக்ஸ்மேன் கொடியோடு நிற்கிறார். மாமனார் அவரிடம் பேச்சுக் கொடுத்தார். மழைக்காலத்தில் மண் சரிந்தால் எங்கே எப்படி நிறுத்துவோம் என்று அவர் கை காட்டிக் காட்டிச் சொன்னார். மொத்தப் பாதையில் 16 சுரங்கம், 208 வளைவு. ஒவ்வொரு சுரங்கத்திலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். மூன்றாவதில் மாமனாரும் கத்தினார். அவர் மகளிடம் சொன்னால் நம்பவில்லை.

ஹில்குரோவ் ஸ்டேஷனில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க நின்றது. இறங்கி சோம்பல் முறித்துவிட்டுத் திரும்பினால், எங்கள் சீட்டில் ஒரு குரங்கு உட்கார்ந்து புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருக்கிறது. மாமனார் குடையை ஓங்கினார். அது அசையவே இல்லை. நிதானமாக வேர்க்கடலையை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு, சாதத்தை அங்கேயே வைத்துவிட்டுப் போயிற்று. குன்னூரில் இறங்கி பரோட்டா சாப்பிட்டு பஸ்ஸில் திரும்பினோம். ஊட்டி வரை போகவில்லை, போக வேண்டும் என்றும் தோன்றவில்லை.

திண்டுக்கல்காரி:

பழனி மலை என்றால் எல்லோரும் கொடைக்கானலையே சொல்லுவீர்கள், அதனால் நான் தாண்டிக்குடியைச் சொல்கிறேன். வத்தலக்குண்டிலிருந்து பஸ் இருக்கிறது. மலையில் பாலமுருகன் கோயில், பக்கத்தில் கற்திட்டைகள் என்கிற பழங்காலத்து ஈமச் சின்னங்கள், மற்றபடி எல்லாம் காப்பி, மிளகு, ஆரஞ்சு. முருகன் இங்கிருந்துதான் பழனிக்குத் தாண்டிக் குதித்தான், அதுவே ஊர்ப் பெயர் என்பார்கள்.

மாசியில் ஒரு நல்ல மழை பெய்தது. என் சித்தி மகள் போன் பண்ணி, "அக்கா, எட்டு நாள் கழிச்சு வா, அதுக்கு முன்னால வராதே" என்றாள். ஏன் என்று கேட்டால் சொல்லவில்லை. எட்டாம் நாள் போனேன். பஸ் பண்ணைக்காட்டுப் பிரிவைத் தாண்டினதும் பஸ்ஸுக்குள் மல்லிகை வாசம். யாரோ தலையில் வைத்திருக்கிறார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன், ஒருவர் தலையிலும் பூ இல்லை. இறங்கிப் பார்த்தால் மலைச்சரிவே வெள்ளை. காப்பி பூத்திருந்தது.

காப்பிச் செடி மொட்டு விட்டு அப்படியே தூங்குமாம். வெயில் காய்ந்த பிறகு ஒரு மழை விழுந்தால் எழுப்பிவிட்ட மாதிரி ஒரு வாரம் பத்து நாளில் மொத்தத் தோட்டமும் ஒரே நாளில் பூக்கும். மூன்று நாள், நான்கு நாள், பிறகு பழுத்துக் கொட்டிவிடும். பூப்பதற்கு ஒரு மழை, பிஞ்சு நிற்பதற்கு இன்னொரு மழை. இரண்டாவது மழை பொய்த்தால் முதலாவது வந்தும் பிரயோசனமில்லை என்றார் சித்தப்பா.

நான் ஒரு கொத்தை ஒடித்து மூக்கருகில் வைத்தேன், அவ்வளவுதான். களை வெட்டிக்கொண்டிருந்த ஒரு பாட்டி எழுந்து வந்தார். "ஏந்தாயி, அதுல எத்தன பூவு இருக்குன்னு எண்ணு" என்றார். எண்ணினேன், பதினொன்று. "பதினோரு பழத்தைக் கொன்னுட்ட" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்க் களை வெட்ட ஆரம்பித்துவிட்டார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட சமாளித்திருப்பேன். அந்தக் கொத்தை என்ன செய்வதென்று தெரியாமல் சாயங்காலம் வரை கையிலேயே வைத்திருந்தேன்.

மதுரை கத்துக்குட்டி:

எனக்கு எதிர்ப்பட்டது கேரட் லாரி.

லைசென்ஸ் வாங்கி மூன்று மாதம். நண்பர்கள் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு வாடகை கார் எடுத்துக் கொடைக்கானல் போனேன். போனது நல்லபடியாகப் போனது. ஏரியைச் சுற்றி நடந்தோம், 1863-இல் லெவிஞ்ச் என்கிற அதிகாரி கரை கட்டி உண்டாக்கிய ஏரி என்று பலகையைப் படித்துத் தெரிந்துகொண்டோம், பூம்பாறையில் மலைப்பூண்டு வாங்கினோம். இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

இறங்கும்போதுதான் கூத்து. வெள்ளி நீர்வீழ்ச்சி தாண்டி பத்து நிமிடம் இருக்கும், பின்னால் வந்த லாரி விடாமல் ஹாரன் அடித்தது. வழி விட்டாலும் முந்தவில்லை. ஒரு வளைவில் பக்கத்தில் வந்து, டிரைவர் கையை ஆட்டி ஓரம் கட்டச் சொன்னார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தோம். இறங்கி வந்து முன் சக்கரத்தைக் காட்டினார். லேசாகப் புகை. "ரெண்டு வளைவா பிரேக் தீயிற நாத்தம் வருது, உனக்கு வரலையா?" நான் நாலாவது கியரில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கியிருக்கிறேன்.

"எந்தக் கியர்ல ஏறுனியோ அந்தக் கியர்ல இறங்கு. எஞ்சினே வண்டியப் பிடிச்சுக்கும்" என்றார். தண்ணீர் ஊற்றப் போன நண்பனை அதட்டி நிறுத்தினார், சூட்டில் டிஸ்க் வளைந்துவிடுமாம். அரை மணி நேரம் தானாக ஆறட்டும் என்று எங்களோடு நின்றார். லாரியிலிருந்து நாலு கேரட்டை உருவி ஆளுக்கொன்று கொடுத்தார். கழுவாத கேரட்டை வேட்டியில் துடைத்துவிட்டு அவர் தின்றதைப் பார்த்து நாங்களும் தின்றோம். அப்புறம் வத்தலக்குண்டு வரை இரண்டாவது கியர், எனக்கு முன்னால் அவர் லாரி. பெயரைக் கேட்க மறந்துவிட்டேன்.

கோத்தகிரிப் பக்கத்து ஹட்டிக்காரி:

கோவைக்கார அண்ணாவுக்கு ஒரு திருத்தம். நாங்களும் காட்டெருமை என்றுதான் சொல்கிறோம், ஆனால் அது எருமை இனமே இல்லை, மாட்டு இனம். உங்கள் அம்மா சொன்னதுதான் சரி.

அந்த அக்கா சொன்னதையும் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். கூட்டமாக மேய்வது பெரும்பாலும் ஒதுங்கிப் போகும், தனியாக நிற்கும் கிடா எப்போது என்ன செய்யும் என்று எங்களாலேயே சொல்ல முடியாது. செல்பி எடுக்கப் போனவர்கள் கதை இங்கே நிறைய. கரடி வேறு. எங்கள் பக்கம் கோயில் கதவை உடைத்து விளக்குக்கு ஊற்றும் எண்ணெயைக் குடித்துவிட்டுப் போகும். சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் தேயிலைப் பாதையில் நடக்காதீர்கள், அவ்வளவுதான்.

பூ பார்க்க வருகிறவர்கள் மே மாதத்துக்குக் காத்திருக்கிறார்கள், அது தோட்டத்துப் பூ. மரத்துப் பூ பார்க்க வேண்டுமென்றால் தை, மாசியில் தொட்டபெட்டா பக்கம் வாருங்கள், காட்டுப் பூவரசு சிவப்பாகப் பூத்து நிற்கும். ரோட்டோரத்திலேயே தெரியும், காட்டுக்குள் போக வேண்டாம். இந்த மாதங்களில் காடு காய்ந்து கிடக்கிறது. 2018 மார்ச்சில் தேனி பக்கம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும்.

இ-பாஸ், அதாவது வண்டிக்கு ஆன்லைனில் எடுக்கிற அனுமதி, பற்றிக் கேட்பீர்கள். 2024 மே 7-இலிருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்குக் கட்டாயமாக்கினார்கள். 2025 ஏப்ரலில் இருந்து சீசன் முடியும் வரை நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று எண்ணிக்கையும் வைத்தார்கள். அரசு பஸ்ஸில் வந்தால் இதெல்லாம் கிடையாது. உங்களுக்கும் நல்லது, ஆஸ்பத்திரிக்குப் போக ரோடு கிடைக்காமல் நிற்கிற எங்களுக்கும் நல்லது.

மேட்டுப்பாளையம் மாப்பிள்ளை:

கரடி எண்ணெய் குடிக்கும் என்று மாமனாரிடம் சொன்னேன். குடையை எடுத்து வைத்துக்கொண்டார்.

கோவைக்காரன்:

எல்லாவற்றையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பதினோரு பழத்துக்கு உச்சுக் கொட்டினார். கேரட் லாரிக்காரர் நன்றாக இருக்கட்டும் என்றார். அப்புறம், "நாமளும் ஒரு எட்டுப் போய்ட்டு வரலாமா?" என்றார்.

போன வாரம் போனோம். இந்த முறை தண்ணீர் செம்புக் குப்பியில், முறுக்கு எவர்சில்வர் டப்பாவில். அதே பாதை, அதே சில்வர் ஓக். பாதையில் சாணி கிடந்தது, மாட்டைக் காணோம். மேட்டில் கொழுந்து பறித்தவர்களில் அந்த அக்கா இல்லை. மகள் பிரசவத்துக்குக் கூடலூர் போயிருக்கிறார், பத்து நாளில் வந்துவிடுவார் என்றார்கள்.

அம்மா டப்பாவை ஒரு பெண்ணிடம் கொடுத்து, அந்த அக்காவிடம் சேர்த்துவிடச் சொன்னார். முறுக்கை மட்டும் கொட்டிக்கொடுத்துவிட்டு டப்பாவைக் கொண்டு வந்திருக்கலாமே என்று பஸ்ஸில் கேட்டேன். "டப்பா அங்க இருந்தாதானே திரும்ப வாங்கப் போகணும்" என்றார். சித்திரை பிறப்பதற்குள் போக வேண்டுமாம்.