ஏற்றத்தில் சில்லு வழுக்குகிறது, ரொட்டவேட்டரும் நின்றுவிடுகிறது

கந்தப்பளை லீக்ஸ்:
வணக்கம். என்னுடையது பாவித்த ஜப்பான் டிராக்டர், 24 குதிரைவலு, நான்கு சில்லும் இழுக்கும். பின்னால் மாட்டும் கருவியைச் சுற்றவைக்கும் பி.டி.ஓ. ஷாஃப்டுக்கு, ஒயில் பிரஷரில் பிடிக்கும் தனி ஹைட்ரோலிக் கிளச். வெயில் காலத்தில் ஒரு குறையும் இல்லை. ஐப்பசி மழை பிடித்ததும் இரண்டு வில்லங்கம். மேட்டில் ஏறும்போது பின் சில்லு இரண்டும் நின்ற இடத்திலேயே குழி பறிக்கின்றன, ஸ்டியரிங் திருப்பினாலும் முன்பக்கம் கேட்பதில்லை. அதே ஏற்றத்தில், மண்ணைக் கிளறப் பின்னால் மாட்டிய ரொட்டவேட்டரின் கத்தியும் நின்றுவிடுகிறது. எஞ்சின் சத்தம் இறங்குவதில்லை. கீழே வரும்போது கத்தி ஒழுங்காகச் சுற்றுகிறது. கராஜில் 'கிளச் முழுசா மாத்தணும்' என்கிறார்கள். லீக்ஸ் விற்கிற விலைக்கு அது கட்டுமா?

வெலிமடை மாமா:
தம்பி, அவசரப்பட்டுக் கழற்ற விடாதீங்க. எஞ்சினை நிறுத்தி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, ரொட்டவேட்டரின் ஸ்லிப் கிளச் (பாரம் கூடினால் வழுக்கிவிடுவது) தட்டுகளுக்குக் குறுக்கே சோக்கால் ஒரு கோடு போடுங்க. அப்புறம் ஒருமுறை ஏறிப் பாருங்க. கோடு விலகியிருந்தால் வழுக்குவது அந்த ஸ்லிப் கிளச்தான், ஸ்பிரிங் போல்ட்டை இறுக்கினாலே போதும். கோடு நேராக இருந்தால் வண்டிப் பக்கம்தான் கோளாறு. இன்னொன்று, ஏறும்போது ரொட்டவேட்டரைத் தூக்கினால் துடித்துத் துடித்துத் தூக்குகிறதா?

ராகலை டிரைவர்:
வழுக்கலுக்கு நான் சொல்கிறேன். பின்னால் ரொட்டவேட்டர் தொங்கினால் முன்பக்கம் லேசாகிவிடும். ஸ்டியரிங் கேட்காததே அதற்கு அடையாளம். முன்னால் எடைக்கட்டி மாட்டுங்கள். முன் டயர் தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். முன் சில்லு பின்னதைவிடக் கொஞ்சம் வேகமாக உருளும்படிதான் செய்திருப்பார்கள். தேய்ந்தால் அந்த இழுவை போய்விடும், நான்கு சில்லு லீவரைப் போட்டும் பலனில்லை. இரண்டு சில்லும் சேர்ந்தே சுற்றுவதால் டிஃப் லொக் (பின் சில்லு இரண்டையும் ஒன்றாகப் பூட்டுவது) உங்களுக்கு உதவாது. அது ஒரு சில்லு மட்டும் சுற்றும்போதுதான். அதைப் போட்டுக்கொண்டு திரும்பவும் வேண்டாம்.

கந்தப்பளை லீக்ஸ்:
மாமா, கோடு நேராகவே இருக்கிறது. தூக்கும்போது துடிக்கவும் செய்கிறது. மட்டமான இடத்தில் நிறுத்தி கியர்பொக்ஸ் ஒயில் குச்சியைப் பார்த்தேன், கீழ்க்கோட்டுக்கும் கீழே. நிறமும் பால் தேத்தண்ணி மாதிரி இருக்கிறது.

வெலிமடை மாமா:
அப்போ வழி தெரிந்துவிட்டது. கியர்பொக்ஸில் இருக்கும் அதே ஒயில்தான் ஹைட்ரோலிக்குக்கும். வண்டி சாயும்போது அது ஒரு பக்கம் ஒதுங்கும், பம்ப் காற்றை இழுக்கும். பிரஷர் இல்லாமல் பி.டி.ஓ. கிளச் எப்படிப் பிடிக்கும்? ஆனால் மேலே மட்டும் ஊற்றி நிரப்ப வேண்டாம். பால் நிறம் என்றால் தண்ணீர் கலந்திருக்கிறது. முழுதாக வடித்து, ஃபில்டரும் மாற்றி, கியருக்கும் ஹைட்ரோலிக்குக்கும் பொதுவான டிராக்டர் ஒயிலே ஊற்றுங்க. எஞ்சின் ஒயில் ஆகாது. மழையில் வெளியே நிற்கும் வண்டியில் கியர் லீவரின் ரப்பர் உறை வெடித்துத் தண்ணீர் இறங்குவது வழக்கம், அதைத் தூக்கிப் பாருங்க. குறைந்த ஒயில் எங்கே போனது என்றும் தேடணும். பி.டி.ஓ. ஷாஃப்ட் வெளியே வரும் சீலையும், பின் சில்லுகளின் உள்பக்கத்தையும் விரலால் தடவிப் பாருங்க.

கந்தப்பளை லீக்ஸ்:
ரப்பர் வெடித்துத்தான் இருக்கிறது. இடது சில்லின் உள்பக்கம் முழுக்க ஒயிலும் மண்ணும். நாளைக்குச் சீல் வாங்க இறங்குகிறேன்.